கூலியின் எல்லை: மிகுபுனைவு இலக்கியத்தில் கூலிப்படைத் தலைவன்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட அச்சு வடிவம்)



இவ்வுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், கற்பனை உலகங்களில் வாழும் ஒரு தொழிலாளியைப் பற்றியது. அவன் தொழில் போர். அவன் முதலீடு பிறர் உயிர். அவன் எழுதிக் கொடுப்பது ஒப்பந்தம். மந்திரமும் அரக்கரும் தெய்வ வாக்கும் நிறைந்த கதையுலகில், வந்து நின்றதும் தன் விலையைச் சொல்பவன் அவன் ஒருவனே. வாசகர் அவனைக் கொடியவன் என்று அறிகிறார். அறிந்த பின்னரும் அவனைப் பின்தொடர்ந்து பல ஆயிரம் பக்கங்கள் படிக்கிறார். இந்த ஈர்ப்பைச் சில எழுத்தாளர்களின் திறமையால் மட்டும் விளக்கிவிட முடியாது. அதன் அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது.

அக்கேள்விக்கு இவ்வுரை முன்வைக்கும் விடை சுருக்கமானது. கூலிக்காகக் கொல்பவனின் கொடுமைக்கு, அது எவ்வளவு ஆழமானதாயினும், முடிவு நாள் ஒன்று உண்டு. கூலியைக் கைவிட்டு ஒரு கனவுக்காகவோ தெய்வத்துக்காகவோ அரியணைக்காகவோ கொல்லத் தொடங்கும் தலைவனின் கொடுமைக்கு அந்த முடிவு நாள் இல்லை. மிகுபுனைவு இலக்கியத்தின் சிறந்த கூலிப்படைக் கதைகள் இந்த வேறுபாட்டையே மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்கின்றன என்பதைப் பின்வரும் ஏழு கூறுகளில் விளக்குவது இவ்வுரையின் நோக்கம்.

1. சொற்கள்

மிகுபுனைவு என்பது இங்கே, நடப்புலகின் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்படாத ஓர் உலகத்தை நிலவரைபடம், வரலாறு, சமயம், நாணயம் ஆகியவற்றுடன் முழுமையாகப் படைத்துக்கொண்டு அதற்குள் நிகழும் கதையைக் குறிக்கிறது.

கூலிப்படை என்ற சொல் தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர், படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அறுவகையாகப் பகுத்து, வழிவழியாக வரும் மூலப்படைக்கே முதன்மை தருகிறார். வடமொழி அர்த்தசாஸ்திரத்திலும் இதையொத்த பகுப்பு உண்டு. அந்தப் பட்டியலில் கூலிப்படை இழிசொல்லாக இல்லை. அரசனின் கருவூலம் ஊதியம் கொடுத்துத் திரட்டும் ஒரு படைவகையாகவே இருக்கிறது. இன்றைய நாளிதழ்த் தமிழில் அச்சொல் பணம் பெற்றுக்கொண்டு ஆளை வெட்டும் கும்பலைக் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டதால், அதன் பழைய பொருளை இவ்வுரைக்காக மீட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்முனையில் நிற்கும் சொல் செஞ்சோற்றுக் கடன். உணவளித்துக் காத்தவனுக்கு உயிரைத் திருப்பிக் கொடுக்கும் கடப்பாடு அது. கர்ணனை நினைக்காமல் தமிழர் அச்சொல்லைச் சொல்வதில்லை. கூலியும் செஞ்சோற்றுக் கடனும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும், கூலியில் கணக்குத் தீரும் நாள் உண்டு, செஞ்சோற்றுக் கடனில் சாவு ஒன்றே கணக்கைத் தீர்க்கும் என்ற வேறுபாடு அடிப்படையானது. அவையோர் இந்த இரு சொற்களையும் இறுதிவரை கையில் வைத்திருக்குமாறு வேண்டப்படுகிறார்கள்.

2. வரலாற்று வார்ப்பு

கற்பனைக் கூலிப்படைத் தலைவர்களில் பெரும்பாலோர் பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியின் வார்ப்புகள். அங்கே நகர அரசுகள் படைத்தலைவனுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குக் கொண்டோட்டா என்று பெயர். எத்தனை வீரர், எத்தனை குதிரை, எத்தனை மாதம், என்ன தொகை என்பன அதில் எழுதப்பட்டன. ஒப்பந்தம் பெற்றவன் கொண்டோட்டியேரே எனப்பட்டான். படைத்தலைவன் என்ற பதவிப் பெயரே ஒப்பந்தம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பது கருதத்தக்கது.

அவர்களுள் புகழ்பெற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஹாக்வுட். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1360-இல் ஏற்பட்ட பிரெத்தினி உடன்படிக்கை ஆயிரக்கணக்கான வீரர்களை வேலையற்றவர்களாக்கியது. அவர்களிற் பலர் குழுக்களாகத் திரண்டு இத்தாலிக்குள் இறங்கினர். அவ்வாறு வந்த வெள்ளைக் குழுவுக்குத் தலைமை ஏற்ற ஹாக்வுட், பீசா, மிலான், திருத்தந்தை, பிளாரன்ஸ் என ஒருவர் மாற்றி ஒருவரிடம் ஊதியம் பெற்றார். அவரைப் பற்றி எழுத்தாளர் பிராங்கோ சாக்கெட்டி ஒரு கதை சொல்கிறார். துறவியர் இருவர் அவரைக் கண்டு, இறைவன் அமைதி அருள்வானாக என்று வாழ்த்த, அவர் அவர்களை நோக்கி, உங்கள் பிச்சையை இறைவன் பறிப்பானாக என்றாராம். திகைத்து நின்றவர்களிடம், போரால் பிழைப்பவனுக்கு அமைதி வேண்டுமென வாழ்த்துவது அவனைப் பட்டினி போட வாழ்த்துவதே என்று விளக்கமும் சொன்னாராம். அக்கதையில் சினம் இல்லை; பிழைப்பின் கணக்கு மட்டுமே இருக்கிறது.

அதே ஹாக்வுட் 1377 பிப்ரவரியில் செசேனா நகரில் நடந்த படுகொலையில் பங்கு கொண்டார். ஆயிரக்கணக்கான நகரமாந்தர் வெட்டப்பட்டனர். அதற்கு ஆணையிட்டவர் திருச்சபையின் கர்தினாலான ஜெனீவா ராபர்ட். அடுத்த ஆண்டே ஒரு பிரிவினர் அவரை ஏழாம் கிளெமென்ட் என்ற பெயரில் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுத்தனர். ஹாக்வுட் 1394-இல் இறந்தபின் பிளாரன்ஸ் அவரைப் போற்றியது. அந்நகரப் பேராலயச் சுவரில் பாவ்லோ உச்செல்லோ 1436-இல் தீட்டிய அவரது குதிரைவீரர் ஓவியம் இன்றும் இருக்கிறது. வெட்டியவன், வெட்டச் சொன்னவன், வெட்டியவனுக்குச் சுவரோவியம் எழுப்பியவன் என்ற மூவரில் கொடியவன் யார் என்ற கேள்வியை வரலாறு விடையின்றி விட்டுச் செல்ல, மிகுபுனைவு அதை எடுத்துக்கொண்டது.

3. அரசகுலக் கதைக்குள் ஒரு விலைப்பட்டியல்

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் தாக்கத்தால் வளர்ந்த மிகுபுனைவு மரபில் வாளேந்தும் உரிமை பிறப்பிலிருந்தும் முன்னறிவிப்பிலிருந்தும் வருகிறது. மறைந்து வாழும் அரசவாரிசு திரும்பி வருகிறான். அவன் கொல்வோர் தீமையின் பக்கம் நிற்போர். ஆகவே கொலைக்குக் கணக்குக் கேட்க யாரும் இல்லை. கூலிப்படைத் தலைவன் இந்த அமைப்புக்குள் நுழைந்ததும் கணக்குத் தொடங்கிவிடுகிறது.

டோல்கீனின் பெருநூலுக்கு இருபது ஆண்டுகள் முன்னரே அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் இ. ஹோவர்ட் இதைச் செய்து பார்த்தார். 'வியர்ட் டேல்ஸ்' இதழில் 1934 டிசம்பரில் வெளிவந்த 'எ விட்ச் ஷல் பி பார்ன்' என்ற கதையில், கௌரான் என்னும் நாட்டை உள்ளிருந்து கவிழ்க்கும் கான்ஸ்டான்டியஸ் ஒரு கூலிப்படைத் தலைவன். அவனை எதிர்க்கும் கோனானும் ஊதியத்துக்கு வாள் பிடித்தவனே. நகருக்கு வெளியே பாலையில் கோனான் சிலுவையில் அறையப்பட்டுத் தொங்கும்போது, கண்ணைக் கொத்த இறங்கிய கழுகின் கழுத்தைப் பல்லாலேயே கடித்து முறிக்கிறான். கதையின் முடிவில் கான்ஸ்டான்டியஸ் அதேபோன்ற சிலுவையில் தொங்க, கோனான் அவனைப் பார்த்துவிட்டுக் குதிரையில் போகிறான். கொடுமையின் அளவில் இருவருக்கும் வேறுபாடு சொல்வது கடினம். ஒருவன் தான் காக்க ஊதியம் பெற்ற நகரின் அரியணைக்கே ஆசைப்பட்டான், மற்றவன் தன் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறினான் என்பதே ஹோவர்ட் வைத்த வேறுபாடு. இவ்வுரையின் மையக் கருத்து அங்கே விதையாக இருக்கிறது.

4. ஒப்பந்தமே அறமாகும் இடம்

அந்த விதையை மரமாக்கியவர் கிளென் குக். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய பின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் அவர். 1984-இல் வெளிவந்த 'தி பிளாக் கம்பெனி' என்ற புதினம், காதோவரின் விடுதலைக் குழுக்களில் எஞ்சிய கடைசிக் குழு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு கூலிப்படையின் கதை. அதைச் சொல்பவர் குரோக்கர். அவர் படையின் மருத்துவர், அதோடு படையின் ஆண்டுக் குறிப்பேட்டை எழுதுபவர். தலைவருக்கோ பெயரே இல்லை. எல்லாரும் அவரைக் கேப்டன் என்றே அழைக்கிறார்கள். பதவியைத் தவிர வேறு அடையாளம் வேண்டாத தலைவர் அவர்.

கதையின் முதல் பகுதியில் அப்படை பெரில் என்ற நகரின் ஆட்சியாளரான சிண்டிக்கிடம் ஊதியம் பெற்றுவருகிறது. நகரம் அழுகிக்கொண்டிருக்கிறது, வடக்கிலிருந்து வந்த தூதர் புதிய வேலை தருவதாகச் சொல்கிறார். ஆனால் சிண்டிக் உயிரோடிருக்கும்வரை ஒப்பந்தத்தை முறிப்பது படையின் மானத்துக்கு இழுக்கு. அவர் இறந்தால் ஒப்பந்தமும் முடியும். கேப்டனின் ஆட்கள் தம் கையால் அவரைக் கொல்வதில்லை. கொல்ல வரும் கொடுவிலங்குக்கு வழி திறந்திருக்கிறது, அவ்வளவே. காவல் காக்கக் கூலி பெற்றவர்கள் காவலை நெகிழ்த்திவிட்டு, எழுத்தளவில் ஒப்பந்தம் முறியவில்லை என்று தேற்றிக்கொள்கிறார்கள். அந்தத் தேற்றல் அவர்களுக்கே போதவில்லை என்பதைக் குரோக்கரின் குறிப்பேடு மறைப்பதில்லை.

புதிய வேலை கொடுத்தவள் 'லேடி' என்று மட்டும் அறியப்படும் சூனியப் பேரரசி. அவளுக்காக ரேக்கர் என்ற கிளர்ச்சித் தளபதியைப் பிடிக்கவேண்டி வரும்போது, படை அவனைத் துரத்துவதில்லை. ரோசஸ் நகரில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி பெருஞ்செல்வத்தைக் குவித்து, மந்திரக் காவலும் இட்டு, அவன் தலையைக் கொண்டுவருபவருக்கு அது உரியது என்று அறிவிக்கிறது. அதன்பின் ரேக்கரால் தன் ஆட்களையே நம்ப முடிவதில்லை. இலட்சியத்துக்காகத் திரண்ட படையை விலை ஒன்று உள்ளிருந்தே கலைத்துவிடும் என்பதை விலைக்கு உழைப்பவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

இத்தனை இரக்கமின்மைக்கு இடையிலும் இப்படை தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் இடங்கள் உண்டு. அவையனைத்தும் ஒப்பந்தத்தை ஒட்டியே வருகின்றன. யாரிடம் பணி, எதுவரை பணி, யார் படையின் உடன்பிறப்பு என்ற மூன்று கேள்விகளுக்கு விடை இருப்பதால், நான்காவது கேள்வியான 'யாருக்காக இதைச் செய்கிறோம்' என்பதும் ஒரு நாள் எழுகிறது. எழுந்த அன்று படை லேடியை விட்டு விலகுகிறது. ஒப்பந்தத்தில் நுழைந்தவனுக்கே வெளியேறும் வாயில் இருக்கிறது.

இப்புதினத்தில் தொடங்கும் நூல்தொடரின் பிற்பகுதி இதற்கு மறுபக்கச் சான்று தருகிறது. தெற்கே டாக்லியோஸ் என்ற நாட்டுக்குப் படை செல்லும்போது, நூற்றாண்டுகளுக்கு முன் அதே படை அவ்வழி கடந்துசென்றதை நினைத்து மக்கள் இன்னமும் நடுங்குகிறார்கள். விடுதலைக் குழுக்கள் தொடக்கத்தில் ஊதியத்துக்காகப் புறப்பட்டவை அல்ல, கீனா என்ற அழிவுத் தெய்வத்துக்காக உலகை முடிக்கப் புறப்பட்டவை என்பது மெல்ல வெளிப்படுகிறது. கீனாவின் உருவிலும், துணியால் கழுத்தை நெரிக்கும் அவள் அடியார்களிலும், காளியையும் தக்கர்களையும் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்த சித்திரத்தின் சாயல் வெளிப்படை. அச்சித்திரம் எவ்வளவு உண்மை என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டும். அந்தக் கடன்வாங்கல் ஒருபுறமிருக்க, கதையின் தருக்கம் தெளிவானது: தெய்வத்துக்காக நடந்த படையைத் தலைமுறைகள் கடந்தும் அஞ்சுகிறார்கள், அதே படை கூலிக்கு இறங்கியபின்தான் பேச்சு வார்த்தைக்கு உரியதாகிறது.

5. கூலி கொடுப்பவனின் அச்சம்

மாக்கியவெல்லி 1513-இல் எழுதிய 'அரசன்' என்ற நூலின் பன்னிரண்டாம் இயல் கூலிப்படைகளைச் சாடுகிறது. கூலிப்படைத் தலைவன் திறமையற்றவனாயின் அரசனைத் தோல்வியில் தள்ளுவான். திறமையுள்ளவனாயின் அரசனையே விழுங்கப் பார்ப்பான் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த வாதத்தை ஆட்சியாளர்கள் அவருக்கு முன்னரே கடைப்பிடித்திருந்தனர். வெனிஸ் தன் தலைமைப் படைத்தலைவர் கார்மஞோலாவின் தலையை 1432-இல் துண்டித்தது. பைசாந்தியப் பேரரசில் கத்தலான் குழுவின் தலைவர் ரோஜர் டி புளோர் 1305-இல் அத்ரியானோப்பிளில் விருந்துக்குச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டார். அச்சம் வெறும் கற்பனையும் அன்று. பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா என்ற கூலிப்படைத் தலைவர் 1450-இல் மிலானின் கோமகனாகவே ஆனார்.

ஆங்கில எழுத்தாளர் ஜோ அபெர்கிராம்பியின் 'பெஸ்ட் செர்வ்டு கோல்டு' (2009) இந்த அச்சத்திலிருந்தே தொடங்குகிறது. ஸ்டிரியா என்ற, இத்தாலியை நினைவூட்டும் நாட்டில், ஆயிரம் வாள்கள் என்னும் கூலிப்படையின் தலைவி மோன்ஸா மர்காட்டோ தன் தம்பி பென்னாவுடன் கோமகன் ஆர்சோவின் மலைக்கோட்டைக்கு ஏறிச் செல்கிறாள். வெற்றிகள் அவளுடையவை, மக்கள் வாழ்த்துவதும் அவளையே. அறைக்குள் நுழைந்த சற்று நேரத்தில் அவள் கழுத்தில் கம்பி இறுகுகிறது, தம்பி குத்திக் கொல்லப்படுகிறான், இருவர் உடலும் மலைச்சரிவில் எறியப்படுகின்றன. முன்னே விழுந்த தம்பியின் பிணத்தின் மேல் விழுந்ததால் அவள் பிழைக்கிறாள். வலக்கை மட்டும் நசுங்கிப்போகிறது. அந்த அறையில் இருந்த ஏழு பேரையும் கொல்வதே எஞ்சிய கதை.

அந்த எழுவர் பட்டியலை உற்றுப் பார்க்க வேண்டும். அதில் கோமகனும் அவர் மக்கள் இருவரும் தளபதியும் மெய்க்காவலனும் மோன்ஸாவின் துணைத்தலைவனும் இருக்கிறார்கள். ஏழாமவர் ஒரு வங்கியாளர். வாளைத் தொடாமல் கணக்கு முடிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த மனிதரைச் சேர்த்ததன் மூலம், கொலைத்தொழிலின் முதலாளி யார் என்பதை அபெர்கிராம்பி முதல் இயலிலேயே காட்டிவிடுகிறார். மோன்ஸாவுக்குக் காப்ரிலேயின் கசாப்புக்காரி என்று பெயர். அப்பெயர் பகைவரை அச்சுறுத்தப் பயன்படுவதால் அதை அவள் சுமந்து திரிகிறாள். ஆனால் அவள் பெயரில் நடந்த கொடுமைகளில் பல, அவள் தம்பியின் கணக்கில் வரவேண்டியவை என்பது கதை நகர நகரத் தெரியவருகிறது. கூலி கொடுப்பவனுக்குக் கொடிய பெயருள்ள தலைவன் தேவை; அப்பெயரின் நிழலில் தன் ஆணையை மறைத்துக்கொள்ளலாம்.

6. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

கூலிக்கு எல்லை உண்டு என்ற கூற்றை மறுக்க வலுவான சான்றுகள் உள்ளன. செசேனாவில் வெட்டியவர்கள் கூலிப்படையினரே. 1527-இல் ரோம் நகரைச் சூறையாடியதும் பேரரசர் ஐந்தாம் சார்லசின் ஊதியம் கிடைக்காத படைதான். அதன் தளபதி பூர்போன் முதல் தாக்குதலிலேயே இறந்துவிட, தடுப்பார் இல்லாமல் போயிற்று. கற்பனையிலும் குறைவில்லை. அபெர்கிராம்பியின் 'ரெட் கன்ட்ரி' (2012) புதினத்தில் நிகோமோ கோஸ்கா என்ற முதிய கூலிப்படைத் தலைவன், கிளர்ச்சியாளரைத் தேடும் பணியில் ஏவர்ஸ்டாக் என்ற ஊரையே சூறையாடவிட்டு நிற்கிறான். அவன் குழுவில் ஒப்பந்தங்களை எழுத டெம்பிள் என்ற சட்டமறிந்தவனும், தலைவனின் வரலாற்றை எழுதச் சுவார்பெக் என்ற எழுத்தாளனும் உண்டு. இனிமையாகப் பேசி, குடித்துத் தள்ளாடி, தன் மேல் தானே இரக்கப்பட்டுக்கொள்ளும் கோஸ்கா, ஒவ்வொரு கொடுமைக்கும் பழியைப் பலருக்குப் பங்கிட்டுவிடுகிறான்: ஆணை முதலாளியுடையது, எழுத்து வக்கீலுடையது, கை படைவீரனுடையது. பங்கிட்டபின் எவர் கையிலும் எடை தெரியவில்லை.

இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டே விடை சொல்ல வேண்டும். கூலி தருவது கால எல்லையை மட்டுமே. ஆழத்துக்கு அது எல்லை வகுப்பதில்லை. ஒப்பந்த நாள்களுக்குள் நிகழும் கொடுமை எவ்வளவு ஆழமும் போகக்கூடும். கூலி நின்றால் அது சூறையாகவும் மாறும். எனினும் பணம் கொடுத்துத் திருப்பி அனுப்பக்கூடிய கொடுமை அது. இத்தாலிய நகரங்கள் கூலிப்படைகளுக்குப் பணம் கொடுத்துத் தம் வயல்களைக் காத்துக்கொண்டதும் உண்டு. அது மானக்கேடு, ஆயினும் வழி. டெம்பிள் ஏவர்ஸ்டாக்கின் சாம்பலைப் பார்த்தபின் குழுவை விட்டு ஓடுகிறான். ஓட முடிகிறது என்பதே இங்கே கருதத்தக்கது. கூலிக்கு வந்தவன் கூலியை உதறிவிட்டுப் போகலாம். போக முடியாதபடி ஆட்களைக் கட்டுவதற்குக் கூலியைவிட வலிய கயிறு வேண்டும்.

7. கனவு என்னும் கயிறு

அந்தக் கயிற்றின் கதையே ஜப்பானியப் படக்கதை ஆசிரியர் கென்டாரோ மியுராவின் 'பெர்செர்க்'. 1989-இல் தொடங்கிய இத்தொடர், 2021-இல் மியுரா மறைந்தபின் அவர் நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் தொடர்கிறது. இதில் கூலிப்படைத் தலைவர் இருவர் எதிரெதிராக வைக்கப்படுகிறார்கள்.

முதலாமவன் காம்பினோ. தூக்கிலிடப்பட்ட தாயின் உடலிலிருந்து பிறந்த கட்ஸ் என்ற குழந்தை இவனுடைய கூலிப்படையில் வளர்கிறது. குடிகாரன், கைநீட்டுபவன், சில வெள்ளிக் காசுகளுக்காகச் சிறுவனை ஓர் இரவு மற்றொருவனுக்கு விற்றவன். கீழ்மையின் அடித்தட்டு இவன் என்று வாசகர் முடிவு செய்யும்போதே ஆசிரியர் இரண்டாமவனைக் கொண்டுவருகிறார்.

கிரிஃபித் அழகன், எளிய குடியில் பிறந்தவன், தனக்கென ஓர் அரசு வேண்டும் என்ற கனவோடு பருந்துப் படையைத் திரட்டியவன். அப்படையினர் ஊதியத்துக்காக அவனுடன் இல்லை; அவன் கனவில் தமக்கும் இடமுண்டு என்று நம்பி இருக்கிறார்கள். ஒரு விடியற்காலை ஆற்றில் நின்று அவன் உடலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பதைக் காஸ்கா என்ற வீராங்கனை பார்க்கிறாள். படைக்குப் பணம் வேண்டி முந்தின இரவு ஒரு பிரபுவுக்குத் தன்னையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். போரில் இறந்த ஒரு சிறுவனைப் பற்றி அமைதியாகப் பேசுகிறான். தன் கனவுக்காக இறந்தவர்களுக்குத் தான் பொறுப்பல்ல, அவர்கள் தாமே தேர்ந்துகொண்டார்கள் என்கிறான். பேசப்பேச நகங்கள் தன் தோளைக் குருதி கசியக் கீறிக்கொண்டிருக்கின்றன. சொல் ஒன்று சொல்கிறது, கை வேறொன்று சொல்கிறது. அந்தக் கையின் உண்மையை அவன் ஏற்றிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

மிட்லண்ட் அரசின் நெடும்போரை வென்று கொடுத்து உயர்குடிப் பட்டமும் பெற்ற கிரிஃபித், தன் முதன்மை வீரனான கட்ஸ் தனக்கென ஒரு வாழ்வு தேடி விலகிச் சென்றதும் நிலைகுலைகிறான். இளவரசியுடன் கூடியதற்காகச் சிறைப்பட்டு ஓராண்டு வதைபட்டு உடல் முடமாகிறான். மீட்டு வந்த தோழர்கள் சூழ்ந்திருக்கும் நேரத்தில், இருள் தெய்வங்கள் அவன் முன் தோன்றி, அன்புக்குரியவர்களைப் பலியிட்டால் கனவு கைகூடும் என்கின்றன. சிறுவயதில் அவன் அண்ணாந்து பார்த்த கோட்டைக்குச் செல்லும் பாதை பிணங்களால் பாவப்பட்டிருப்பதைக் காட்டி, பாதி வழியில் நின்றால் கிடப்பவர்கள் வீணாய்ச் செத்தவர்கள் ஆவார்கள் என்ற எண்ணத்தை ஊட்டுகின்றன. அவன் தன் படை முழுவதையும் பலி கொடுக்கிறான்.

காம்பினோ ஒரு சிறுவனைக் காசுக்கு விற்றான். கிரிஃபித் ஒரு படையை விலையே இல்லாமல் கொடுத்தான். முதலாவது விற்பனை எவ்வளவு அருவருப்பானதாயினும் ஓர் இரவோடு முடிந்தது. இரண்டாவது, இறந்தவரின் எண்ணிக்கையையே மேலும் கொல்வதற்கான காரணமாக்கியது. கூலிப்படையைச் செஞ்சோற்றுக் கடன்பட்ட படையாக மாற்றிய தலைவன், அக்கடனை ஒரே இரவில் வசூலித்துக்கொண்டான் என்று இதைத் தமிழ்ச் சொற்களில் கூறலாம். பின்னர் அவன் எழுப்பும் பால்கோனியா நகரில் மக்கள் அச்சமின்றி வாழ்கிறார்கள் என்பது மியுராவின் கடுமையான திருப்பம். அந்நகரின் அடித்தளம் எது என்று அங்கே வாழ்பவர் கேட்பதில்லை.

இதே விதியை எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கதையுலகில் வரும் பொற்படை என்னும் கூலிப்படையும் மென்மையாக உறுதி செய்கிறது. நாடு கடத்தப்பட்ட பிரபுக்கள் அமைத்த அப்படை, ஒப்பந்தம் முறிக்காதது என்ற பெயரையே மூலதனமாகக் கொண்டது. அதன் நிறுவனர் தன் மண்டையோட்டைச் சதை நீக்கிப் பொன்னில் தோய்த்து, தாயகத்துக்குத் திரும்பும் நாளில் படைக்கு முன்னே ஏந்திச் செல்லுமாறு சொல்லிவிட்டு இறந்தவர். பின்வந்த தலைவர்களின் மண்டையோடுகளும் அவ்வாறே சேர்க்கப்பட்டன. தாயகக் கனவு மெய்ப்படும் வாய்ப்பு வந்ததும் அப்படை மிர் நகருடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கப்பலேறுகிறது. பொன்னுக்கு முறியாத சொல் கனவுக்கு முறிந்தது.

நிறைவுரை

மேற்கண்ட கூறுகள் கூலிப்படைத் தலைவனுக்குப் பரிந்து பேசுவன அல்ல. செசேனாவின் தெருக்களில் கிடந்தவர்களுக்குக் கொன்றவன் கூலிக்காரனா கனவுக்காரனா என்பது ஒரு பொருட்டே அன்று. எனினும் உயிரோடிருப்பவர்களுக்கு அவ்வேறுபாடு தேவைப்படுகிறது. யாரிடம் விலை பேசலாம், யாரைவிட்டு விலகி ஓடலாம், யாருடைய இனிய சொல்லுக்கு மிகுதியாக அஞ்ச வேண்டும் என்பதை அது கற்பிக்கிறது.

இறுதியாக, குரோக்கரின் குறிப்பேட்டுக்குத் திரும்ப வேண்டும். தன் தோழர்கள் செய்த மிகக் கொடிய செயல்களைத் தான் முழுமையாக எழுதுவதில்லை என்று அவரே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார்; அவர்கள் தன் உடன்பிறப்புகள் என்பதே அவர் சொல்லும் காரணம். ஆகவே அக்கணக்கும் முழுக்கணக்கன்று. அவர் படையால் மாண்ட ஊரார் பலருக்கு அதில் ஒரு வரியும் இல்லை. ஆயினும் அந்த ஒப்புதல் இருப்பதால், எழுதப்படாத இடங்கள் எங்கே இருக்கின்றன என்று தேட வாசகருக்கு வழி கிடைக்கிறது. கிரிஃபித்தின் நகரில் அத்தகைய குறிப்பேடு எவர் கையிலும் இல்லை. அங்கே இறந்தவர்கள் பாதைக்கல் ஆகிவிட்டார்கள், கல்லின் மேல் நடப்பவர்கள் கீழே பார்ப்பதில்லை. ஒரு கூலிப்படைத் தலைவனின் கதையை எடுத்துப் படிக்கும் வாசகர், அவன் எத்தனை பேரைக் கொன்றான் என்று எண்ணுவதற்கு முன்னர், அவன் கூடாரத்தில் குறிப்பேடு ஒன்று இருக்கிறதா, அதில் வெற்றிடங்கள் எங்கே விழுந்துள்ளன என்று பார்த்துக்கொள்வது நலம்.